எதிர் பிளாட்பாரம்: மின்சார ரயிலில் பழவேற்காட்டுப் பூநாரைகளைப் பார்க்கப் போனது

திருவொற்றியூர் ஸ்டேஷனில் பன்னிரண்டு வருடமாக ரயில் ஏறுகிறேன். எப்போதும் ஒரே பக்கம், பீச் ஸ்டேஷன் போகிற பக்கம். மண்ணடியில் வேலை. லீவு நாளில் வெளியே கிளம்பினாலும் அதே பக்கம்தான். மெரினா, தி.நகர், பெசன்ட் நகர், மிஞ்சிப்போனால் மகாபலிபுரம். வடசென்னைக்காரர்களுக்கு ஊர் சுற்றுவது என்றாலே தெற்கே போவதுதான். எதிர் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எண்ணூருக்கோ அத்திப்பட்டுக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ ஷிப்டுக்குப் போகிறவர்கள். அது வேலைக்குப் போகிற திசை, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கிற திசை என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

அந்தப் பக்கம் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் பொன்னேரி. அங்கிருந்து பஸ்ஸில் இன்னொரு முக்கால் மணி நேரம் போனால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம் பக்கம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஏரி. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முப்பத்தாறு வயதில்தான் அதைப் போய்ப் பார்த்தேன் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் சந்தோஷப்படுவேன். ஆனால் நாங்கள் முதல் தடவை போன மாதிரி போக வேண்டாம்.

நாங்கள் ஐந்து பேர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, போன ஊரே பெயராகிவிட்டது. ராயபுரம், மின்ட், தண்டையார்பேட்டை, எண்ணூர். நான் காலடிப்பேட்டை. யோசனை எண்ணூருடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்துக்கு வந்தபோது, உடம்பெல்லாம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களை அவள் நேரில் பார்த்திருந்தாள். "ஒரு தடவையாவது நல்ல தண்ணியில பறவைங்கள பாக்கணும்டி" என்று அதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை போனது ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. எட்டரை மணிக்குப் புறப்படலாம் என்று பேசியிருந்தோம். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்கு ஓடுகிறவர்கள், ஒரு நாளாவது நிதானமாகக் கிளம்பலாமே என்று நினைத்தோம். அந்த நினைப்பில்தான் பாதி நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு, வார நாள் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதுதான். இது தெரிந்த விஷயம்தான், இருந்தும் யாரும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. பீச்சிலிருந்து கிளம்புவது ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகக் கொருக்குப்பேட்டைக்கு வரும். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸிலிருந்து கிளம்புவது பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்கு வந்துவிடும், ராயபுரத்தைத் தொடவே தொடாது. நாங்கள் "இந்த ரயில்" என்று முடிவு செய்தது சென்ட்ரல் ரயில். ராயபுரம் பாவம், தன் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய ஸ்டேஷன் அது. நாங்கள் மீஞ்சூரைத் தாண்டும்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது. அடுத்த பீச் ரயிலைப் பிடித்து அவள் வந்து சேரும்வரை பொன்னேரியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்திலிருந்து யாராவது உங்கள் குழுவில் இருந்தால், ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவர்களைக் கொருக்குப்பேட்டைக்கு வரச் சொல்லிவிடுங்கள், இரண்டு ரயிலும் அங்கே நிற்கும்.

பழவேற்காட்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. வெயில் நேராகத் தலையில். பாலத்தில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மேலே ஒன்றிரண்டு செம்பருந்து, தூரத்தில் ஆலாக்கள். பூநாரை ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு எங்களுக்குக் காரணம் புரியவில்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பூநாரை நீச்சல் அடித்து மீன் பிடிக்கிற பறவை இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக உள்ளே விட்டு, சேற்றுத் தண்ணீரைச் சல்லடை போலச் சலித்துச் சாப்பிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பர், டிசம்பரில் ஏரி நிறைந்திருக்கும், அவற்றுக்குக் கால் ஊன்ற ஆழம் சரிப்படாது. தண்ணீர் வடிய வடியத்தான் நம் கண்ணில் படுகிற மாதிரி இறங்கும். மழை குறைந்த வருடம் என்றால் முன்னதாகவே பார்க்கலாம். ஆகவே நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்புவதைவிட, அந்த வருடம் மழை எப்படி என்று பார்த்துக் கிளம்புவது நல்லது. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் பெரும்பாலும் ஏமாற்றாது.

பறவை இல்லை, வெயில் கொளுத்துகிறது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் ஒருவர் வந்து, "படகுல கூட்டிப்போறேன்மா, அந்தப் பக்கம் நிறைய நிக்குது" என்றார். நாங்கள் உடனே தலையாட்டினோம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நீச்சல் தெரிந்தவள் எண்ணூர் ஒருத்திதான். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. காசு பேசி முடித்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினோம்.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆயா கூப்பிட்டார்.

"யம்மா, புள்ளைங்களா, எங்க போறீங்க?"

"பறவை பாக்கப் போறோம் ஆயா."

"வாணாம்மா. ஏறாதீங்க. அன்னிக்கு அத்தினி உசுரு போச்சு, நாங்க தூக்கி வந்து போட்டோம். கரையிலயே நின்னு பாருங்க, இல்லாட்டி இன்னொரு நாள் வாங்க."

அவர் சொன்னது 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதன் பிறகு ஏரியில் சுற்றுலாப் படகு விடத் தடை வந்தது. மீனவர்களின் படகுகள் மீன்பிடிக்க மட்டும்தான். செய்தியில் படித்தபோது எனக்கு இருபத்திச் சொச்சம் வயது, இரண்டு நாள் பேசினோம், பிறகு மறந்துபோனோம். அந்த ஆயா மறக்கவில்லை. பார்க்கக் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிற ஏரி, முகத்துவாரத்தை நெருங்கினால் கடல் நீரோட்டம் இழுக்கும் என்று அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். படகுக்காரரிடம் வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். வந்த காசை விடுவது அவருக்குக் கஷ்டம்தான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் யார் எவ்வளவு நல்லவிதமாக அழைத்தாலும் அந்தப் படகில் ஏறாதீர்கள். அன்றைய நாளில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் அந்த ஆயாவின் பேச்சைக் கேட்டது ஒன்றுதான்.

திரும்பியது தனிக் கதை. ஞாயிறு சாயங்காலம் பொன்னேரி பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. தண்டையார்பேட்டைக்கு முழங்கால் வலி, நின்றுகொண்டே வந்தாள். பொன்னேரியில் எங்கள் கண் முன்னால் ஒரு ரயில் கிளம்பிப் போனது. அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது ஐந்து பேருக்கும் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் பெண்களுக்கு அடுத்த தடவை வெளியே கிளம்புவது எவ்வளவு கடினமாகும் என்பது பெண்களுக்குத் தெரியும். மின்ட் வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ரயிலில் வரும்போதே ராயபுரம் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மேலே முதலில் எழுதியது, "வீட்டுக்கு 4 மணி". அதற்குக் கீழே, அப்படியென்றால் திருவொற்றியூரில் மூன்றரை, பொன்னேரியில் ரயில் இரண்டே முக்கால், பழவேற்காட்டில் பஸ் ஒன்றரை. அந்த ஒன்றரை மணி பஸ் தவறினாலும் இன்னொரு பஸ் இருக்க வேண்டும். இப்படிப் பின்பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டே வந்து, விடிகாலை ஐந்து மணி ரயிலில் வந்து நின்றாள். சொந்த வண்டி இருந்தால் புறப்படுகிற நேரத்தை முடிவு செய்தால் போதும். பஸ்ஸையும் ரயிலையும் நம்பிப் போகிறவர்கள் திரும்புகிற நேரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்த வித்தியாசம் எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துத்தான் புரிந்தது.

இரண்டாவது தடவை பிப்ரவரியில் போனோம். இந்த முறை முந்தின நாள் சாயங்காலமே ரயில் ஓடுகிறதா என்று பார்த்தோம். பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கம் பராமரிப்பு வேலை வைத்தால் சில ரயில்களை ரத்து செய்வார்கள், சிலவற்றைப் பாதியில் நிறுத்துவார்கள். முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், பார்க்க வேண்டியது நம் வேலை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிற நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏவுகிற நேரத்தில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், ஊரின் அன்றாடமே மாறியிருக்கும். ராக்கெட் மேலே போவதைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாள் நல்ல நாள். பறவை பார்க்க வேறு நாள் பாருங்கள்.

கிளம்பிய ரயில் சென்ட்ரல் ரயில்தான். மின்ட் மூர் மார்க்கெட்டில் ஏறினாள். ராயபுரத்தை அவள் வீட்டுக்காரர் கொருக்குப்பேட்டையில் கொண்டுவந்து விட்டார். தண்டையார்பேட்டை அவள் ஸ்டேஷனில், நான் திருவொற்றியூரில், எண்ணூர் கடைசியாக. ஒரே ரயிலில் ஐந்து ஸ்டேஷனில் ஏறுவதென்றால் எந்தப் பெட்டி என்று சொல்லிவைக்க வேண்டும். "லேடீஸ் பெட்டி, முதல் கதவு" என்று மின்ட் ஏறினவுடன் செய்தி அனுப்பிவிட்டாள். விடிகாலையில் லேடீஸ் பெட்டி காலியாக இருந்தால் தயங்காமல் பொதுப் பெட்டியில் ஆட்கள் இருக்கிற இடத்தில் ஏறுங்கள். அன்று எங்கள் பெட்டியில் பொன்னேரிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகிற அக்காக்கள் இருந்தார்கள், பயமாகவே இல்லை.

இருட்டில் அந்தப் பாதையைப் பார்க்கிறவர்களுக்கு அது வேறு ஊராகத் தெரியும். கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வந்ததும் ஆற்றுப் பாலம், கீழே கறுப்புத் தண்ணீரில் மின்நிலைய விளக்குகள் நீளநீளமாக ஆடுகின்றன. அத்திப்பட்டு வரை அந்த வெளிச்சம் கூடவே வருகிறது. நந்தியம்பாக்கம், மீஞ்சூர் தாண்டியதும் வெளிச்சம் நின்று, ஜன்னல் வழியாக ஈர வைக்கோல் வாசம் வந்தது. எண்ணூர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள்.

பொன்னேரியில் ஸ்டேஷனும் பேருந்து நிலையமும் ஒட்டி இல்லை, நடுவில் ஷேர் ஆட்டோ. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தோம். இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பெண்கள் இப்படிப்பட்ட பயணங்களுக்குத் தயங்குவதற்கு இது பெரிய காரணம். முதல் தடவை நாங்கள் தண்ணீர் குடிக்காமலே சமாளித்தோம், அதனால் மின்ட்டுக்குத் தலைவலி, எனக்கு மறுநாள் நீர்க்கடுப்பு. இரண்டாவது தடவை ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப்போய்க் குடிக்கவும் செய்தோம். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் நேரடியாகக் கேட்டோம். "இதுக்கு என்னம்மா வெக்கம்" என்று பின்னால் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். அவர் கடையிலேயே இரண்டு வேளை டீயும் வடையும் வாங்கினோம்.

பஸ் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குப் போகவர ஆளுக்கு 20 ரூபாய். ஷேர் ஆட்டோ, டீ, வடை, மதியம் வறுத்த மீன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய் போட்டு ராயபுரத்திடம் கொடுத்திருந்தோம். அவள் மட்டும்தான் பர்ஸைத் திறப்பாள். முதல் தடவை ஆளுக்கு ஆள் கொடுத்து, யார் எதற்குக் கொடுத்தது என்று கணக்குப் பார்த்ததில் சின்ன மனஸ்தாபம் வந்தது. ஒரே பர்ஸ் வைத்ததும் அந்தப் பேச்சே இல்லை. மிச்சமும் வந்தது.

மேதூர், திருப்பாலைவனம் வழியாக பஸ் போகும்போது வானம் வெளுத்தது. வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. பழவேற்காட்டில் இறங்கும்போது மணி ஏழுகூட ஆகவில்லை.

பாலத்தில் போய் நின்றோம். டிசம்பரில் தண்ணீராகக் கிடந்த இடத்தில் இப்போது அங்கங்கே சேற்றுத் திட்டு தெரிந்தது. பெண்கள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்துத் தொங்கவிட்டிருந்த பறி என்கிற கூடையில் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். முதுகு நிமிரவே இல்லை. நாங்கள் பொழுதுபோக்க வந்த தண்ணீரில் அவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் போட்டோ எடுக்க வேண்டாம் என்று தண்டையார்பேட்டை சொன்னாள். சரி என்று எல்லோரும் போனைப் பையில் போட்டோம்.

பூநாரை எங்கே என்று கண்ணால் தேடினால் தெரியவில்லை. தூரத்தில் தண்ணீர் முடிகிற இடத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைக் கரை என்றே நினைத்தேன். என்னுடன் வேலை செய்கிற பறவை ஆர்வலர் ஒருவர் இரவல் கொடுத்திருந்த பைனாகுலரை எடுத்து வைத்துப் பார்த்ததும், அந்தக் கோடு அசைந்தது. கோடு முழுக்கக் கால்கள். குச்சி குச்சியாக நூற்றுக்கணக்கான கால்கள், மேலே வளைந்த கழுத்துகள், தலை எல்லாம் தண்ணீருக்குள். நான் பேசாமல் பைனாகுலரை எண்ணூரிடம் கொடுத்தேன். அவள் வைத்துப் பார்த்தாள், எடுக்கவே இல்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் அவை வெள்ளையாகத்தான் தெரியும், இளஞ்சிவப்பைத் தேடி ஏமாறாதீர்கள். நிறம் இருப்பது சிறகுக்குள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பகுதிக் கூட்டம் தானாக எழுந்து இடம் மாறியது. அந்த நொடியில் வெள்ளைக் கோடு பிரிந்து சிவப்பும் கறுப்புமாகத் திறந்தது, கழுத்து முன்னால் நீண்டு, கால் பின்னால் நீண்டு, ஒரே வரிசையாகப் போய் மறுபடி இறங்கி வெள்ளையாகிவிட்டது. மொத்தம் பத்து வினாடி இருக்கும். இதற்காகத்தான் சிலர் சத்தம் போட்டுப் பறவையைக் கிளப்புகிறார்கள் போல. அன்றைக்கும் பாலத்தில் இரண்டு பையன்கள் பைக் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மின்ட் போய், "தம்பி, அதுங்க சாப்பிட வந்திருக்கு, விடுங்கப்பா" என்றாள். நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் பைனாகுலரைக் கொடுத்தோம், அரை மணி நேரம் எங்களுடனேயே நின்றார்கள். பசி தீர மேய நேரம் தேவைப்படுகிற பறவையை வீடியோவுக்காக ஒவ்வொரு தடவையும் பறக்க வைத்தால் அதற்கு மிச்சம் என்ன இருக்கும்.

பைனாகுலர் பற்றி ஒரு வார்த்தை. வாங்க வேண்டியதில்லை, இரவல் போதும், ஆனால் ஐந்து பேருக்கு ஒன்று போதாது. இரண்டாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களிடம் இருந்தது 8க்கு 42 என்கிற வகை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். இன்னும் அதிகம் பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், ஏரிக்கரைக் காற்றில் ஒன்றையும் நிலையாகப் பார்க்க முடியாது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். போனில் எடுத்த படங்கள் எல்லாமே புள்ளிகள்தான், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை இந்தத் தடவை ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுவந்திருந்தாள். முழங்கால் வலிக்காரியை வைத்துக்கொண்டு அதிகம் நடக்கிற மாதிரி திட்டம் போட வேண்டாம் என்று நாங்களும் முடிவு செய்திருந்தோம். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். அவள் உட்கார்ந்தே இருந்ததால் எங்களைவிட அதிகம் பார்த்தது அவள்தான். கரண்டிவாயன் தண்ணீரை இடமும் வலமுமாகத் துழாவுவதையும், கூழைக்கடாக்கள் ஐந்தாறு சேர்ந்து மீனை வளைத்து ஓட்டுவதையும் அவள்தான் எங்களுக்குக் காட்டினாள். எண்ணூர் அந்தக் கூழைக்கடாக்களை ரொம்ப நேரம் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இல்லை, அழுக்குச் சாம்பல்தான் அதன் நிறமே. "இதுதான்டி அதோட நிஜக் கலர்" என்றாள்.

ஒன்பதரைக்கு வெயில் ஏறிவிட்டது, கானல் அலைபாயத் தொடங்கி பைனாகுலரில் எதுவும் தெளிவாக இல்லை. பறவை பார்க்கிற நேரம் அதோடு முடிந்தது. நிழலுக்கு எங்கும் ஒதுங்க இடம் இல்லாத கரை அது, தொப்பியோ துண்டோ இல்லாமல் போகாதீர்கள்.

மிச்ச நேரத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1613இல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள், கோட்டை இன்று மண்ணும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைகள் நன்றாக இருக்கின்றன, இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் கப்பலும் பூவும் குடும்பச் சின்னங்களும். எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, ஆண்டுகளை மட்டும் படித்து வயதைக் கழித்துப் பார்த்தோம். பல பேர் எங்களைவிடச் சின்ன வயதில் போயிருக்கிறார்கள்.

கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சாதத்தை டீக்கடை அக்கா வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டோம், மீன் மட்டும் அவர் வறுத்துக் கொடுத்தார். மடவை. ஏரி மீனுக்கு ஒரு இனிப்பு இருக்கிறது, காசிமேட்டு மீன் சாப்பிட்டே வளர்ந்த ராயபுரம்கூட அதை ஒப்புக்கொண்டாள். டிசம்பரில் எங்களைத் தடுத்த ஆயாவைத் தேடினோம். அதே இடத்தில் கூடையோடு இருந்தார். எங்களை ஞாபகம் இல்லை. ஆனால் பூநாரை பார்த்தோம் ஆயா என்றதும், "பாத்தீங்களா, எங்க போகுது அது" என்று சிரித்தார். ஒரு கிலோ இறால் வாங்கினோம். பேரம் பேசவில்லை.

இறாலோ நண்டோ வாங்கினால் திரும்புகிற நேரத்தை மனதில் வைத்து வாங்குங்கள். கடைசியாக, பஸ் ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வாங்குங்கள். ஐஸ் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வெறும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் பஸ்ஸில் தண்ணீர் சொட்டி எல்லோருக்கும் சங்கடம். ரயிலில் கூடைக்காரர்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, நிறைய வாங்கியிருந்தால் அதில் ஏறிவிடுங்கள். நாங்கள் டப்பா கொண்டுபோயிருந்ததால் லேடீஸ் பெட்டியிலேயே வந்தோம். ராயபுரம் பனை ஓலையில் பின்னிய சின்னக் கூடை ஒன்றும் வாங்கினாள், பழவேற்காட்டுப் பெண்களின் கைவேலை. டப்பாவை அதில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி பஸ் ஒன்றே முக்காலுக்கு வந்தது. எங்கள் கணக்கில் அதற்கு இடம் இருந்தது. மூன்றே முக்காலுக்கு நான் திருவொற்றியூரில் இறங்கினேன். எண்ணூர் எனக்கு முன்னாலேயே இறங்கியிருந்தாள். இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்று, ரயில் கிளம்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது சூலூர்பேட்டை. மின்சார ரயிலிலேயே போகலாம், அதே எதிர் பிளாட்பாரம்தான். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரிக்கு நடுவிலேயே போகிறது, இரண்டு பக்கமும் பூநாரைகள் இன்னும் பக்கத்தில் நிற்கும் என்கிறார்கள். கொஞ்சம் வடக்கே நேலப்பட்டு, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். தூரம் அதிகம், எனவே திரும்புகிற ரயிலிலிருந்து மறுபடி கணக்குப் போட வேண்டும். ராயபுரம் பழைய பில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். மாதம் 50 ரூபாய் வசூலும் தொடங்கிவிட்டது.